அலைக் கணக்கில் துணை நின்றோர்க்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் உறவினர்களுக்கும் வணக்கம்.

பணிநிறைவையொட்டி மதுரையில் நீங்கள் நடத்திய பாராட்டு விழாவில், ஏற்புரைக்குக் கிடைத்த சில நிமிடங்களுக்குள் சொல்ல இயலாமற்போனவற்றை இம்மடலில் எழுதுகிறேன். நகரும் கப்பல் எழுப்பும் அலைகளைப் பற்றிய என் ஆய்வுக்குத் துணை நின்றவர்களுள் பலர் தம் பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர்கள். ஆகவே செய்த உதவியை மட்டும் குறிப்பிடுகிறேன்.

வண்டியூர்த் தெப்பக்குளத்தில் வடம் பிடித்து மெல்ல இழுக்கப்படும் தெப்பத்தைச் சுட்டிக்காட்டி, நொடிக்கு ஏறக்குறைய 23 சென்டிமீட்டருக்கும் குறைவான வேகத்தில் செல்லும் பொருள் தன்னைத் தொடரும் நிலையான அலைகளை எழுப்புவதில்லை என்று விளக்கிய கல்லூரிப் பேராசிரியருக்கே முதல் நன்றி. ஆழமான நீரில் வாத்து நீந்தினாலும் கப்பல் சென்றாலும் பின்னே விரியும் அலைகள் இருபுறமும் சுமார் 19.5 பாகைக்குள் அடங்கும் என்ற இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் 1887ஆம் ஆண்டு முடிவையும் அவரே கரும்பலகையில் நிறுவிக் காட்டினார்.

என் ஆய்வுக்கு அடித்தளம், ஆஸ்திரேலியக் கணித அறிஞர் ஜான் ஹென்றி மிஷெல் 1898இல் வெளியிட்ட அலைத்தடைக் கோவை, அதாவது அலைத்தடைக்கான சூத்திரம். ஒடுக்கமான கப்பலின் வடிவத்தை மட்டும் கொண்டு, அலை எழுப்புவதால் அதற்கு நேரும் தடையை ஒரு தொகையீட்டால் (எண்ணற்ற சிறு பகுதிகளைக் கூட்டும் கணக்கால்) கணிக்கலாம் என்று காட்டிய அக்கட்டுரையைப் பல ஆண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை. சில ஆண்டுகளில் அவரும் ஆய்வுக் கட்டுரை எழுதுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே இதைக் கருதுகிறேன். வேகம் குறையக் குறைய அத்தொகையீட்டில் கூட்டப்படும் மதிப்புகள் மேலும் கீழுமாக அலைவது மிகுந்து கணினி நேரத்தை விழுங்கும். 1973இல் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370 கணினியில் எனக்கு இரவு நேரம் ஒதுக்கி, கணினிக்கு நிரலையும் தரவையும் ஊட்டும், சரிந்து கலைந்த துளையட்டைக் கட்டுகளை முகம் சுளிக்காமல் வரிசைப்படுத்தித் தந்த ஊழியர்களை மறவேன்.

கப்பல் மாதிரிகளை நீரில் இழுத்துத் தடையை அளக்கும் இழுவைத் தொட்டிக் கூடத்தின் தொழில்நுட்ப உதவியாளருக்கு நான் பட்ட கடன் பெரிது. மாதிரியின் நீளம் கப்பலின் நீளத்தில் 25இல் ஒரு பங்கானால் அதன் வேகம் 5இல் ஒரு பங்காக இருக்கவேண்டும் என்பது ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் வகுத்த விதி. அதன்படி மர மாதிரிகளைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, எடையிட்டு மிதக்கவிடுவார். ஓர் ஓட்டம் முடிந்ததும் காகிதத் துணுக்கு ஒன்றை நீரில் இட்டு, அது அசைவற்று நிற்கும்வரை அடுத்த ஓட்டத்தைத் தொடங்க இசையமாட்டார். வேகத்துக்கேற்பத் தடை ஏறியிறங்குவதாக மிஷெலின் கோவை காட்டும் மேடுபள்ளங்கள் அளவீட்டில் மழுங்கித் தெரிவது நீரின் பாகுத்தன்மையாலேயன்றிக் கருவியின் பிழையால் அன்று என்று துணிந்து எழுத முடிந்தது அவருடைய அந்தப் பொறுமையால்தான்.

ஆழம் குறைந்த இடத்தில் வேகத்தைக் கூட்டினால் படகின் அணியம் (முன்புறம்) தூக்கிப் பின்புறம் அமுங்குவதை என்னை ஏற்றிச்சென்று காட்டிய இராமேசுவரம் விசைப்படகு ஓட்டுநர்களுக்கும் நன்றி. 10 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டரை நெருங்கும்போது தடை திடீரென உயரும் என்று என் தாள் சொன்னது. ஆழமற்ற நீர் படகைப் பிடித்து இழுக்கும் என்பதை அவர்கள் எந்தத் தாளும் இல்லாமல் அறிந்திருந்தனர்.

கடலில்லாத ஊரில் பிறந்தவனுக்குக் கப்பல் கணக்கு எதற்கு என்று ஊரார் கேட்டபோதும், மேலூர்ப் பக்கத்து வயலின் குத்தகைப் பணத்தை என் விடுதிக் கட்டணத்துக்குத் தந்த பெரியப்பாவுக்கும், கையெழுத்துப் படிகளை மெய்ப்புப் பார்த்த என் மனைவிக்கும் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆயினும் சொல்கிறேன்.

என் குறிப்பேடுகளையும் கட்டுரைப் படிகளையும் நான் பயின்ற கல்லூரி நூலகத்தில் ஆனி மாதத்துக்குள் ஒப்படைத்துவிடுவேன். அவற்றில் ஐயம் எழும் மாணவர்கள் மாலை வேளைகளில் தயங்காமல் என் வீட்டுக்கு வரலாம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
மதுரை.