புல்லட் கட்டும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தாத்தாவின் புல்லட்டுக்குப் புது பிஸ்டன் போட்டுவிட்டாய், சிலிண்டரை மேலே மூடும் ஹெட் இன்னும் ஏற்றவில்லை என்று அம்மா சொன்னாள். அப்படியே நிறுத்தி வை. டைமிங் (பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது பிளக்கில் பொறி விழ வேண்டும் என்பது) வைக்க இதைவிட வசதியான நேரம் கிடைக்காது. ஹெட் ஏறிவிட்டால் சாய்ந்திருக்கும் பிளக் ஓட்டை வழியாகக் குச்சி விட்டுத்தான் அளக்க வேண்டும். அந்த அளவை நான் நம்புவதில்லை.

முதலில், வேகம் கூடக்கூடப் பொறியை முந்தவைக்கும் அட்வான்ஸ் யூனிட்டைப் பார். எடைகள் இரண்டும் விரலால் விரித்து விட்டால் தாமாக மூடிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்று. அடுத்து பாயிண்ட், திறக்கும்போது பொறியை உண்டாக்கும் மின்தொடர்பு. அதைத் திறக்கும் கேம் முழுதாகத் தூக்கி நிற்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இதை முடிக்காமல் டைமிங்கைத் தொடாதே. இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், குறைந்தால் தாமதிக்கும். பிறகு அதைத் திருத்தினால் வைத்த டைமிங் வீண்.

இனி பிஸ்டன். சிலிண்டரைப் பிடிக்கும் ஸ்டட்களில் புஷ் (குழாய்த் துண்டு) போட்டு நட்டால் சிலிண்டரை இறுக்கிக்கொள், இல்லாவிட்டால் பிஸ்டனோடு அதுவும் எழும்பும். நகர்வை அளக்கும் டயல் கேஜை பிஸ்டனின் நடுவில் வை. ஓரத்தில் வைத்தால் பிஸ்டன் ஆடுவதும் அளவில் சேர்ந்துவிடும். டாப் கியரில் பின்சக்கரத்தைச் சுழற்றி, வால்வுகளைத் திறக்கும் டாப்பெட் இரண்டும் கீழே இருக்கும் சுற்றைப் பிடி. உச்சியில் பிஸ்டன் நகர்வதே தெரியாது. ஆகவே உச்சிக்கு இருபுறமும் கேஜ் ஒரே அளவு காட்டும் இடங்களைக் குறித்து, அவற்றின் நடுவை உச்சி என்று எடுத்துக்கொள்.

எடைகள் மூடிய நிலையில், உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். சக்கரத்தைச் சற்றுப் பின்னால் கொண்டுபோய், முன்னோக்கி வந்தே அந்த இடத்தில் நிறுத்து. பல்சக்கரங்களின் தளர்வு அப்போதுதான் ஒரு பக்கமாக ஒதுங்கும். பாயிண்ட் நடுவே சிகரெட் தாள் ஒன்றைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே பாயிண்ட் பொருத்திய தட்டைத் திருப்பு. தாள் விடுபடும் நொடியில் பூட்டு. பூட்டும்போது தட்டு நகர்ந்துவிடும், மறுபடி பார். கேம் இஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. இங்கே ஒரு டிகிரி பிசகினால் இஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கில் இரண்டு.

காதால் கேட்டே டைமிங் வைப்பேன் என்று எவராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடு. காதுக்கு இனிமையாக ஓடும் வண்டி, டைமிங் முந்திப்போய் மேடேறும்போது இஞ்சினில் தட்டும். தாமதமாக வைத்தால் சைலன்சர் குழாய் காய்ந்து நீலம் பாய்ந்துவிடும், இழுவையும் இருக்காது.

முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை அழுத்தி, சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடும் டிகம்ப்ரஷரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, பிறகு உதை. செருப்போடு வேண்டாம், ஷூ போட்டுக்கொள். டைமிங் முந்தியிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் தாங்காது.

கழற்றிய பழைய பாயிண்டின் முகத்தைப் படம் எடுத்து அனுப்பு. கருகிக் குழி விழுந்திருந்தால் பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரையும் மாற்றச் சொல்வேன்.

அப்பா