மெனாய் நீரிணையின் இரு பாலங்களும் ஒரே நேரத்தில் முடங்காதிருக்க நடவடிக்கை கோரி மனு

அனுப்புநர்: ஆங்கிள்சி தீவின் சரக்கு வாகன உரிமையாளர்கள், ஆடு மாடு வளர்ப்போர்

பெறுநர்: மாண்புமிகு போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்கள், வேல்ஸ் அரசு, கார்டிஃப்

நாள்: நவம்பர் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சுமார் 715 சதுர கி.மீ. பரப்பில் ஏறத்தாழ 69,000 பேர் வாழும் எங்கள் தீவுக்குத் தரைவழி இரண்டே பாலங்கள்: 1826இல் திறந்த மெனாய் தொங்குபாலம், ரயில் தடத்துக்கு மேலே 1980இல் சாலையும் போடப்பட்ட பிரிட்டானியா பாலம். இருபுறமும் திசைக்கு இரண்டு தடமாக ஓடும் ஏ55 சாலை பிரிட்டானியாவில் மட்டும் ஒற்றைத் தடமாகச் சுருங்குகிறது. எங்கள் தீவின் ஹோலிஹெட் துறைமுகத்தில் அயர்லாந்தின் டப்ளினுக்குக் கப்பல் ஏறும் கனரக லாரிகளுக்கு வேறு வழியில்லை.

மெனாய் பாலம் 2022 அக்டோபரில் தொங்குகம்பிகளின் பலவீனத்தால் மூடப்பட்டு, 2023 பிப்ரவரியில் 7.5 டன் வரம்போடு திறந்தது. கடந்த மாதம் அடிப்பகுதி விட்டங்களின் போல்ட்டுகளால் மறுபடி மூடி, 24ஆம் தேதி 3 டன் வரம்போடு திறந்தார்கள். லாரிகளை மட்டுமே இது தடுக்கிறது என்று அலுவலர்கள் கருதுவதாகத் தெரிகிறது. கணக்குப் பாருங்கள்: பிக்கப் வண்டி 2 டன், காலி டிரெய்லர் சுமார் 900 கிலோ, 70 கிலோ வீதம் 15 ஆடுகள் ஒரு டன்னுக்குச் சற்று மேல். மொத்தம் 4 டன்னை நெருங்குகிறது. சாதாரணப் பண்ணைக்காரரும் பிரிட்டானியா வரிசைக்கே போகவேண்டும். பலத்த காற்றில் அங்கே முதலில் நிறுத்தப்படுவது உயரமான பக்கச்சுவர் கொண்ட வண்டிகள்தான். சரக்கில்லாத வண்டி கவிழும் ஆபத்து இன்னும் அதிகம் என்பதால் தடையைக் குறை சொல்லவில்லை. தடை வரும் விதம்தான் சிக்கல். டப்ளினிலிருந்து கப்பல் வர 3 மணி நேரத்துக்கு மேலாகும். நடுக்கடலில் இருக்கும்போது தடை வந்தால், இறங்கிய லாரிகள் நிற்க இடமின்றிச் சாலையோரம் தேங்குகின்றன.

எங்கள் தீவில் வேலை தந்த அலுமினிய உருக்காலை 2009இலும், வில்ஃபா அணுமின் நிலையம் 2015இலும், லங்கெஃப்னி கோழி இறைச்சி ஆலை 2023இலும் மூடப்பட்டன. மிஞ்சிய துறைமுகம், பண்ணை, சுற்றுலா மூன்றுமே பாலத்தை நம்பியவை. 2024 டிசம்பர் புயலில் துறைமுகம் ஒரு மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்தபோது சரக்கு வேறு துறைமுகங்களுக்குப் போனது. போன சரக்கெல்லாம் தானாகத் திரும்பிவிடாது. வில்ஃபாவில் புதிய சிறு அணு உலைகள் அமையும் என்று இம்மாதம் அறிவித்துள்ளார்கள். அந்த வேலைக்கான ஆட்களும் வண்டிகளும் இதே ஒற்றைத் தடத்தில்தான் வரவேண்டும்.

ஆகவே, பிரிட்டானியாவில் பராமரிப்புப் பணி நடக்கும் நாட்களில் மெனாயில் எந்தப் பணியும் வைக்கக் கூடாது. பிரிட்டானியா ஓரங்களில் காற்றுத் தடுப்பு அமைக்கப் பொறியியல் ஆய்வும் செலவு மதிப்பீடும் வேண்டும். அந்தத் தடுப்பால் பாலத்தின் பாரம் கூடும் என்றால் எவ்வளவு என்பதை வெளியிட வேண்டும். காற்று எச்சரிக்கை, கப்பல் டப்ளினை விட்டுக் கிளம்பும் முன்பே, அதாவது குறைந்தது 4 மணி நேரம் முன்னதாக, கப்பல் நிறுவனங்களுக்குக் கிடைக்க வேண்டும். பாலத்தின் இரு கரையிலும் கழிப்பறையுடன் லாரி நிறுத்துமிடம் வேண்டும். மெனாயில் 7.5 டன் வரம்பு திரும்பும் தேதியை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். வரும் ஜனவரி 30 அந்தப் பாலத்தின் 200ஆம் ஆண்டு நிறைவு, விழா மேடையில் அறிவித்தாலும் எங்களுக்குச் சம்மதமே.

மூன்றாவது பாலம் குறித்துத் தனி மனு அனுப்புவோம். மேற்கண்டவை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லாதவை.

இப்படிக்கு,
மனுதாரர்கள்