மூணாறு கல்லறைத் தோட்ட வரலாற்றுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

மூணாறு சி.எஸ்.ஐ. தேவாலயத்தை ஒட்டிய மலைச்சரிவுக் கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றை எழுதி முடித்துவிட்டோம். எஸ்டேட் சுடுகாடுகளில் கல்லும் பெயரும் இல்லாமல் மண்ணோடு மண்ணாகிவிட்ட நம் முன்னோரைப் பற்றிய பகுதியும் அதே தொகுப்பில் இருக்கிறது. துரைமாருக்கு ஒரு வரலாறு, தொழிலாளிக்கு வேறொரு வரலாறு என்று பிரிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அதற்குத் துணைநின்ற உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

சரிவில் ஏறி இறங்கவும் கற்களைத் துடைக்கவும் அனுமதித்த தேவாலயப் பொறுப்பாளர்களுக்கு முதல் வணக்கம். அங்கே முதலில் அடக்கமானவர் எலினர் இசபெல் மே. கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களின் முதல் பொது மேலாளரான ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட்டின் மனைவி. 1894 டிசம்பர் 23 அன்று காலராவுக்குப் பலியானபோது அவருக்கு வயது 24. தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியதோ 1910-இல்தான். கல்லறை வந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகே கோயில் எழுந்தது.

பாசி படிந்த கற்களைச் சுத்தம் செய்த கல்லூரிப் பிள்ளைகளே, கம்பித் தூரிகையும் ப்ளீச்சிங் பவுடரும் கல்லைத் தின்றுவிடும் என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் தண்ணீருக்கும் மூங்கில் குச்சிக்கும் மாறினீர்கள். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் விழச்செய்து, மங்கிய எழுத்துகளையும் படித்துக் காட்டினீர்கள். அந்தப் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

லயத்து (எஸ்டேட் தொழிலாளர் வரிசைவீடுகளின்) பெரியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! 1880-இல் பார்வதி எஸ்டேட்டில் ஏ.எச். ஷார்ப் முதல் தேயிலையை நட்டார் என்று ஏடுகளில் இருக்கிறது. காட்டை வெட்டிக் குழி தோண்டிய கைகளைப் பற்றி ஏடுகளில் தேடினால் கிடைக்காது, நீங்கள்தான் சொன்னீர்கள். போடியிலிருந்து குரங்கணி வழியாகக் ஆள் சேர்த்துக் கொண்டுவரும் கங்காணியின் பின்னால் ஏறி வந்த குடும்பங்கள், காய்ச்சலில் போன பச்சைக் குழந்தைகள், ஒரு கல்கூட நடாமல் மூடிய குழிகள்... கொழுந்து எடுக்கும் மேடு ஒன்றைக் காட்டி, "என் அப்பாயி இங்கேதான் இருக்கிறாள்" என்றார் ஓர் அம்மா. அந்த மேடு எங்கள் வரைபடத்தில் இப்போது குறிக்கப்பட்டிருக்கிறது.

பல வீடுகளில் சாவின் கணக்கு வெள்ளத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பின் என்றுதான் நினைவில் இருந்தது. குண்டளை ரயில் பாதையை அடித்துச் சென்ற அந்த வெள்ளம் மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டு 1099 கர்க்கடகத்தில், அதாவது 1924 ஜூலையில் வந்தது. மலையாளக் காகிதங்களின் தேதிகளை ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு எங்கள் நன்றி.

குண்டளைப் பக்கத்து டிவிஷன்களில் நாங்கள் இன்னும் பலரைச் சந்திக்கவில்லை. அங்கே விவரம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் அறிமுகப்படுத்துங்கள். மழைக்காலம் முடிந்ததும் வருகிறோம்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவின் சார்பில்