இயக்குநர் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

டிவி தொடர் விமர்சனங்களில் கதையையும் நடிகர்களையும் பற்றி விரிவாக எழுதுகிறீர்கள். இயக்குநர் பெயர் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சினிமாவில் ஒரு நாளைக்குத் திரைக்கதையில் இரண்டு மூன்று பக்கம் எடுத்தாலே போதும். தொடரில் அதைப்போலப் பல மடங்கு எடுத்தாக வேண்டும். அதுவும் கதை வரிசைப்படி எடுப்பதில்லை. கதாநாயகி கதவைத் தட்டுவது இன்று. உள்ளே வந்து வெடித்து அழுவது அடுத்த வாரம். தட்டும்போது பை எந்தத் தோளில் இருந்தது, கோபம் எந்த அளவில் இருந்தது? பையை, காட்சிக்குக் காட்சி எது எப்படி இருந்தது என்று உதவியாளர் குறித்துவைக்கும் கன்டினியூட்டி நோட்டு பார்த்துக்கொள்ளும். கோபத்தை இயக்குநர்தான் மனதில் வைத்திருக்க வேண்டும்.

இந்தப் பக்குவம் சும்மா வராது. கிளாப் அடித்து, நோட்டு எழுதி, துணை நடிகர்களை நிறுத்தி நகர்த்தி, அப்புறம் இணை இயக்குநராகி, ஒரு எபிசோடு கைக்கு வரவே வருடங்கள் ஆகிவிடும். அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட் 1950-களில் டிவியில் நேரலை நாடகங்களை இயக்கித்தான் கைதேர்ந்தார். அவருடைய முதல் சினிமா 1957-இல் வந்தது. ஸ்பீல்பெர்க் 1969-இல் டிவிக்கு இயக்கத் தொடங்கினார். அதற்காக டிவியை சினிமாவுக்கான படிக்கட்டாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கடைசிவரை தொடர்களிலேயே நின்று சாதித்தவர்களும் கலைஞர்கள்தான்.

ஒரே தொடரைப் பலர் மாறி மாறி இயக்குவதும் உண்டு. எனவே, அடுத்த விமர்சனத்திலிருந்து எபிசோடு எண்ணோடு அதை இயக்கியவர் பெயரையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தொடர்களை விரும்பிப் பார்க்கும் வாசகி