உன் 12 கட்டம் வேண்டாம், விஜி

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள விஜி,

பொங்கலுக்கு அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை, கோபமாகத்தான் இருப்பாய். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாட்டு மிஸ்ஸைக் கல்மண்டபத்தில் பார்த்தேன். முதலில் உன்னைத்தான் விசாரித்தார், இன்னும் அப்படியேதான் சிரிக்கிறாயா என்று.

இப்போது எழுதக் காரணம் எங்கள் தெரு சுமதி. பி.காம் முடித்தவள், கணக்கில் புலி. ஒரு இண்டர்வியூவில் ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று சொல்லிவிட்டாள். எதிரே இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இனி எங்கேயும் போகமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது விஜி. பேலன்ஸ் ஷீட் போடத் தெரிந்த பெண்ணை ஒரு வினைச்சொல்லுக்காகத் திருப்பி அனுப்புவார்களா?

அதனால் சாயங்காலம் மொட்டைமாடியில் அவளுக்கு இங்கிலீஷ் டென்ஸ், அதாவது வினையின் காலம், சொல்லித் தருகிறேன். உடனே உன் வகுப்பு டென்ஸ் சார்ட்டை அனுப்பிவிடாதே! மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வகை, ஆக 12 கட்டம். அதைப் பள்ளிக்கூடத்திலிருந்தே தலைகீழாக ஒப்பிப்பாள். பேசத்தான் வராது.

நான் அவள் வாயில் இருக்கும் தமிழிலிருந்து ஆரம்பித்தேன். ‘போனேன்’, இதையே இல்லை என்று சொல் என்றேன். ‘போகவில்லை’ என்றாள். அதில் ‘போனேன்’ எங்கே? இறந்தகாலம் போய் வெறும் ‘போக’தான் நிற்கிறது. இங்கிலீஷிலும் காலத்தை ‘டிட்’ எடுத்துக்கொள்கிறது, வினை வெறும் ‘கோ’ ஆகிவிடுகிறது. ஐ வென்ட், ஐ டிட் நாட் கோ. கேள்வியும் அப்படியே: டிட் யூ கோ? அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, “அப்போ ‘ஹி டஸ் நாட் கோஸ்’ கூடத் தப்புதானேக்கா? அந்த ‘எஸ்’ஸைத்தான் ‘டஸ்’ வாங்கிக்கிச்சே” என்கிறாள். நான் சொல்லவே இல்லைடி!

ஆனால் எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுப்பதில்லை. இப்போது மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள். அவள் அப்பா காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. ‘அப்பா ஏப்ரல் 15லிருந்து வீட்டில் இருக்கிறார்’ என்பதை ‘ஹி இஸ் அட் ஹோம் சின்ஸ் ஏப்ரல் 15’ என்கிறாள். நமக்கு ‘இருக்கிறார்’ போதும். இங்கிலீஷில் அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதற்கு ‘ஹாஸ் பீன்’ வந்தாக வேண்டும்: ஹி ஹாஸ் பீன் அட் ஹோம் சின்ஸ் ஏப்ரல் 15. ‘லிருந்து’ என்றால் சின்ஸ், ‘ஒரு மாதமாக’ என்றால் ஃபார், இது இரண்டும் பிடிபட்டுவிட்டது. ‘ஹாஸ் பீன்’தான் பேச்சில் வரமாட்டேன் என்கிறது.

நீ இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு எடுக்கிறாய், இதை எப்படிப் பழக்குகிறாய்? ஜூன் கடைசியில் இன்னொரு இண்டர்வியூவுக்குப் போக ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதற்குள் பதில் போடு. வகுப்பில் நீ வாயால் சொல்லும் உதாரணங்களை அப்படியே எழுது, போதும்.

அன்புடன்,
தேவி