மலிவுத் தேயிலையும் ஒரு கலகமும்

கடலூர்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதமும் பாஸ்டன் துறைமுகத்துப் படங்களும் வந்து சேர்ந்தன. பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறாயே, அந்தப் படத்தை வீட்டில் எல்லோரும் மாறி மாறிப் பார்த்துவிட்டார்கள். குளிர் உனக்கு ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. இங்கே எனக்கு முழங்கால் வலி, மற்றபடி குறையில்லை.

உன் கடிதத்தில் பாஸ்டன் தேயிலைக் கலகத்தைப் பற்றிய ஒரு வாக்கியம்தான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. "வரியை ஏற்றினான், தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், அவ்வளவுதானே" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அவ்வளவு இல்லையப்பா. அமெரிக்கா அப்போது பிரிட்டனின் காலனிகளாக இருந்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1773இல் கொண்டுவந்த தேயிலைச் சட்டம் வரியை ஏற்றவே இல்லை. ஒரு பவுண்டு எடைத் தேயிலைக்கு மூன்று பென்ஸ் என்ற வரி 1767 முதலே இருந்தது. புதுச் சட்டத்தால் தேயிலை விலை இறங்கியது. டச்சுக்காரர்களிடமிருந்து திருட்டுத்தனமாக வந்த சரக்கைவிடவும் மலிவாகக் கிடைக்கும் நிலை வந்தது. விலை குறைந்ததற்கு ஊரே கொதித்தது என்றால், கோபம் காசைப் பற்றியதல்ல என்பது தெரிகிறதல்லவா?

விலை ஏன் இறங்கியது என்று பார்த்தால் கதை நம் பக்கம் வந்து நிற்கிறது. விற்றவர்கள் நாம் நன்றாக அறிந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான். 1769இல் ஹைதர் அலி சென்னைப் பட்டணத்தின் வாசல்வரை வந்து உடன்படிக்கை எழுதி வாங்கிப் போனார். அவர் படையெடுப்புச் செய்தி லண்டனுக்கு எட்டியதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. அடுத்தது வங்காளப் பஞ்சம். மக்கள் லட்சக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தபோதும் நிலவரி வசூலை மட்டும் நிறுத்தவில்லை. 1772இல் லண்டனில் கடன் நெருக்கடி வந்தபோது, கம்பெனி அரசாங்கத்திடம் கையேந்தி 14 லட்சம் ஸ்டெர்லிங் பவுண்டு கடன் வாங்கும் நிலைக்கு வந்தது. கிடங்குகளிலோ விற்காத தேயிலை மலைபோல் கிடந்தது. அதை எங்காவது தள்ளிவிட வேண்டும். ஏலத்தில் எடுத்து விற்ற வியாபாரிகளை ஒதுக்கிவிட்டு, தானே நேராக அமெரிக்காவுக்கு அனுப்பி, தான் பொறுக்கிய சில பேர் மூலம் விற்றுக்கொள்ளக் கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. பாஸ்டனில் அப்படிப் பொறுக்கப்பட்டவர்களில் பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் காலனியின் கவர்னர் ஹட்சின்சனின் மகன்கள் இருவர்! (நம் தேயிலையோ என்று நினைத்துவிடாதே. எல்லாம் சீனத்துச் சரக்கு. அஸ்ஸாம் தேயிலை வர இன்னும் அறுபது வருடம் இருந்தது.)

வங்காளத்தில் நடந்தது அமெரிக்காவில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. பென்சில்வேனியாவில் ஜான் டிக்கின்சன் புனைபெயரில் ஒரு துண்டறிக்கை எழுதினார்: ஆசியாவைச் சூறையாடிய கூட்டம் இப்போது நம் பக்கம் கண் வைத்திருக்கிறது என்பதே அதன் சாரம். மலிவு விலையில் வாங்கிக் குடித்தால், நம்மைக் கேட்காமல் வரி போடும் உரிமை பாராளுமன்றத்துக்கு உண்டு என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம் ஒரு பக்கம். திருட்டுச் சரக்கில் கொழுத்த வியாபாரிகளின் வயிற்றெரிச்சல் இன்னொரு பக்கம். எல்லோரையும் தியாகிகளாக்க எனக்கு விருப்பமில்லை.

நியூயார்க்கும் பிலடெல்பியாவும் கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டன. பாஸ்டனில் ஹட்சின்சன் பிடிவாதம் பிடித்தார்: தீர்வை கட்டாமல் கப்பல் துறைமுகத்தைவிட்டு நகரக் கூடாது. இருபது நாளுக்குள் கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யலாம். முதலில் வந்த டார்ட்மவுத் கப்பலுக்குக் கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான், டிசம்பர் 16 இரவில், ஆட்கள் ஏறினார்கள். மூன்று கப்பல், 342 பெட்டி, நம் கணக்கில் நாற்பது டன்னுக்கு மேல். கடல் அப்போது வற்றியிருந்ததால் கொட்டிய தேயிலை முங்காமல் கப்பலோரம் குவிந்து நின்றது. அதை மிதித்துத் தண்ணீரில் கலக்க வேண்டியிருந்தது. வேறு பொருளைத் தொடவில்லை. உடைந்த ஒரு பூட்டுக்கு மறுநாள் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். கலகக்காரர்களுக்கு இவ்வளவு கணக்கு வழக்கா என்று எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

நீ படம் அனுப்பிய, 1770இல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தின் மேல் சுட்ட இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து பேர் செத்த அந்த வழக்கில் சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேருக்கு விடுதலை, இருவருக்குக் கட்டைவிரலில் சூடு. அவ்வளவு கொதிப்பிலும் வழக்கு முறையாக நடந்திருக்கிறது. அந்த நிலையிலிருந்து ஐந்தே வருடத்தில் போருக்கு வந்தார்கள் என்றால், நடுவில் லண்டன் செய்த வேலைதான் காரணம். தேயிலைக்கு ஈடு கட்டும்வரை துறைமுகத்தையே மூடினார்கள், மாசசூசெட்ஸின் சாசனத்தை மாற்றினார்கள். ஒரு ஊரைத் தண்டித்தால் மற்ற ஊர்கள் அடங்கும் என்பது கணக்கு. 1774 செப்டம்பரில் பன்னிரண்டு காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்கள் எல்லைத் தகராறில் ஒருவரோடொருவர் மல்லுக்கட்டியவர்கள். கிங் ஜார்ஜின் மந்திரிகள் இல்லாமல் அந்த ஒற்றுமை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

முடிந்தால் லெக்சிங்டன் மைதானத்தையும் பார்த்து வா. 1775 ஏப்ரல் 19 விடியலில் காலனிக்காரர்கள் எட்டுப் பேர் விழுந்து, போர் தொடங்கிய இடம். முதல் குண்டைச் சுட்டது யார் என்பதில் இரு தரப்பும் எதிராளியைத்தான் கை காட்டின.

அந்தப் போர் கடைசியில் நம் ஊருக்கே வந்தது, தெரியுமோ? பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததால் இங்கேயும் சண்டை. 1783 ஜூனில் கடலூர்க் கோட்டையில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்தாகியிருந்தது. செய்தி கப்பலேறி வருவதற்குள் இங்கே இரு பக்கமும் நூற்றுக்கணக்கில் செத்திருந்தார்கள்.

தம்பி மகள் கல்யாணம் தை மாதத்தில். தேதி குறித்ததும் எழுதுகிறேன். டிக்கெட்டை அதற்கு முன்பாகப் போட்டுவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்