காட்பாடி–பாகாயம் பஸ்ஸுக்கு ஒரு டைம் கீப்பர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலூருக்கும் மெட்ரோ ரயில் வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். நியாயமான ஆசைதான். ஆனால் மெட்ரோ என்றதும் சுரங்கமும் ஏசி பெட்டியும்தான் நம் கண்ணில் படுகின்றன. அதை ஓட்டுகிற முறையை யாரும் பேசுவதில்லை.

மகள் வடபழனியில் இருக்கிறாள். மாதம் ஒருமுறை ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போவேன். சென்ட்ரலில் இறங்கி, கீழே போய் மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் ஏறினால் நேராக வடபழனி. சுரங்க நிலையங்களில் நடைமேடை ஓரத்தில் கண்ணாடிக் கதவு இருக்கும். ரயில் நின்றதும் பெட்டிக் கதவும் அதுவும் நேருக்கு நேர் பொருந்தித் திறக்கும். ஓட்டுநர் இருந்தாலும், வேகத்தையும் நிற்கும் இடத்தையும் கணினி பார்த்துக்கொள்கிறது. கோயம்பேட்டுக் கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவர்களுக்கு எந்த ரயில் எங்கே ஓடுகிறது என்று எந்நேரமும் தெரியும். ஒன்று தாமதித்தால் மற்றவற்றின் ஓட்டத்தையும் அதற்கேற்ப மாற்றுவார்கள். காலை, மாலை நெரிசலில் அடுத்தடுத்து ரயில் வரும். மற்ற நேரத்தில் கொஞ்சம் குறையும். கடைசி ரயில் போன பிறகுதான் தண்டவாளப் பராமரிப்பு.

இவ்வளவும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு. மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதி பங்கு போட்டு 2007-இல் தொடங்கிய நிறுவனம் அது. 2015 ஜூனில்தான் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே முதல் ரயில் ஓடியது. ஜப்பானிடம் கடன் வாங்கிக் கட்டிய அந்த வேலை நம் ஊருக்கு இப்போதைக்கு வராது. சரி, அதுவரை சும்மா இருக்க வேண்டுமா?

காட்பாடி ஜங்ஷன், பாலாற்றுப் பாலம், புது பஸ் ஸ்டாண்ட், சி.எம்.சி. மருத்துவமனை, கோட்டை, தொரப்பாடி, பாகாயம். வேலூரில் போக வேண்டிய இடமெல்லாம் ஒரே தடத்தில் கிடக்கிறது. அந்தத் தடத்தில் பஸ்ஸும் நிறைய ஓடுகிறது. ஆனாலும் போன மாதம் ராத்திரி எட்டரைக்குக் காட்பாடியில் முக்கால் மணி நேரம் நின்றேன். அப்புறம் மூன்று பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவதில் கால் வைக்க இடமில்லை, மூன்றாவது காலி. பக்கத்தில் எக்ஸ்ரே உறையோடு நின்ற வங்காளத்துத் தம்பதி வந்த பஸ்ஸையெல்லாம் கைகாட்டி, "சி.எம்.சி.? சி.எம்.சி.?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வைத்தியத்துக்கு நம் ஊரை நம்பி அவ்வளவு தூரம் வந்தவர்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

காட்பாடியிலும் பாகாயத்திலும் பழைய பஸ் ஸ்டாண்டிலும் தலா ஒரு டைம் கீப்பரை உட்காரவையுங்கள். மூவரும் செல்போனில் பேசிக்கொள்ளட்டும். அரசு பஸ், தனியார் பஸ் என்று பார்க்காமல், நேரத்துக்கு முந்தி வந்த பஸ்ஸை ஐந்து நிமிடம் நிறுத்தி அனுப்பும் அதிகாரம் அவர்களுக்கு இருக்க வேண்டும். மெட்ரோவில் வழித்தடத்துக்கு ஒரு நிறம் கொடுத்ததுபோல, இந்தத் தடத்து பஸ்ஸின் நெற்றியிலும் நிறுத்தங்களிலும் ஒரே நிறப் பலகை வைத்தால், தமிழ் படிக்கத் தெரியாதவரும் தப்பாமல் ஏறுவார். மாவட்ட நிர்வாகம் முதலில் இந்த ஒரு தடத்தில் மூன்று மாதம் நடத்திப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தொரப்பாடி, வேலூர்